எதிர்க் கட்டடத்துக்குப் போன ரெட்டைச் சடை

போன மாதம் பழைய கம்பெனிப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஜெசி அக்கா, நம்ம ஆபீஸ்ல முதல் முதல்ல லிங்க் அக்ரிகேஷன் போட்டது நீங்களாமே, அதைப் பத்தி எழுதுங்களேன்" என்று ஒரே நச்சரிப்பு. எதைக் கேட்கிறார்கள் என்றே எனக்கு முதலில் பிடிபடவில்லை. ரெட்டைச் சடையைத்தான் கேட்கிறார்கள் என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இப்போது அதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் வந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு வரி தட்டினால் முடிந்துவிடுமாம். முடியட்டும், சந்தோஷம். நாங்கள் பட்ட பாட்டில் பாதி மொட்டை மாடி ஏறியது, மீதி வீட்டுக்காரரிடம் கெஞ்சியது.

"நீங்கள் போட்டது" என்பதும் தப்பு. போட்டது தாணு சார். நான் கேபிளின் மறுமுனையில் நின்றேன். நின்றதும் ஒரு வேலைதான், அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தக் கம்பெனிக்குப் போனது டெலிபோன் ஆபரேட்டராக. அப்போது அது பல்லாவரத்திலிருந்து பம்மல் போகிற வழியில் இருந்த ஒரு அச்சகம். ஷார்ட்ஹேண்ட், டைப்ரைட்டிங், ஆபரேட்டர் கோர்ஸ் என்று தாம்பரத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் முடிக்கிற எல்லாவற்றையும் நானும் முடித்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. டெலிபோன் போர்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது பின்னால் வேலைக்கு ஆகும்.

எங்களுக்கு வெளி லைன்கள் பல உண்டு. ஆனால் ஊருக்குக் கொடுத்த நம்பர் ஒன்றுதான். முதல் லைனில் பேச்சு நடந்தால் அடுத்த அழைப்பு தானாக இரண்டாவது லைனுக்குத் தாவும், அதுவும் பிஸி என்றால் மூன்றாவதுக்கு. நல்ல ஏற்பாடு. இதில் ஒரே ஒரு தொல்லை. சில நாள் ஏதாவது ஒரு லைன் நம் போர்டு பக்கம் மட்டும் ஊமையாகிவிடும். எக்ஸ்சேஞ்சுக்கு அது தெரியாது, அழைப்பை அந்த லைனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கூப்பிட்டவருக்கு மணி அடிப்பது கேட்கும், எங்கள் போர்டில் ஒரு சத்தமும் வராது. முழுசாகச் செத்த லைனால் இவ்வளவு உபத்திரவம் இல்லை. உயிரோடு இருப்பதுபோல் காட்டிக்கொண்டு வருகிற அழைப்பையெல்லாம் விழுங்குகிற லைன்தான் ஆளைக் கொல்லும். அதற்கு ஆபரேட்டர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. போர்டில் அந்த லைனுக்கு உரிய துளையில் சும்மா ஒரு இணைப்பு வயரைச் செருகி லைனை பிஸியாக்கி வைத்துவிடுவோம். எக்ஸ்சேஞ்ச் அதைத் தாண்டி நல்ல லைனுக்குப் போய்விடும்.

தொண்ணூறுகளில் அச்சகம் மாறியது. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கம்பெனியாகி, கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. என் போர்டு இருந்த இடத்தில் சூட்கேஸ் அளவுக்கு, ஆபரேட்டர் இல்லாமலே லைன் கொடுக்கிற ஒரு பெட்டியை மாட்டிவிட்டார்கள். இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் டிபன் பாக்ஸை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் தாணு சார் வந்தார். சிஸ்டம்ஸ் பிரிவுக்குப் பொறுப்பாளராக அவரைப் போட்டிருந்தார்கள். "ஜெசிந்தாம்மா, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க ஊருல ஆயிரம் பேரு கிடைப்பாங்க. லைன்னா என்னன்னு தெரிஞ்சவங்கதான் கிடைக்க மாட்டேங்காங்க. வாறீங்களா?" என்றார். போனேன். ஒரு கோர்ஸுக்கும் அனுப்பினார்கள். அதில் பாதி விளங்கவில்லை, விளங்காத பாதி இல்லாமலே காலம் ஓடிவிட்டது.

தாணு சாருக்கு ஊர் நாகர்கோவில். ஒல்லியான ஆள், எப்போதும் முழங்கைவரை மடித்த சட்டை. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் முதல் முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கேபிளைத் தொடுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைப்பார். பூஜைக்கு உட்காருகிற மாதிரி இருக்கும். ஆபீஸே தலைகீழாகக் கிடந்தாலும் இந்த வரிசை மாறாது. மற்றவர்கள் பதறப் பதற அவர் நடை மெதுவாகும். யாராவது ஓடிவந்து "சார், அது வேலை செய்யல, இது வேலை செய்யல" என்று அடுக்கினால், முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, எது வேலை செய்யுது?" என்பார். எனக்கு ஆரம்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் வேலை என்றால், இன்டர்காமில் "சொல்லிட்டுச் செய்யணும், செஞ்சுட்டுச் சொல்லணும்" என்பார். "ஜெசிந்தாம்மா, செருகப்போறேன்." நான், "செருகப்போறீங்க சார்." "செருகிட்டேன்." "செருகிட்டீங்க சார்." ஆபீஸ் பெண்கள் எங்களைக் கேலி செய்து நடித்துக் காட்டுவார்கள். ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கைவைத்துக் குழப்பிக்கொண்ட கதை எங்கள் ஆபீஸில் ஒரு நாளும் நடந்ததில்லை.

இனி எதிர்க் கட்டடம். ஆள் பெருகியதும் பழைய கட்டடத்தில் இடம் போதவில்லை. தெருவுக்கு எதிர்ச் சாரியில் ஏகாம்பரம் அண்ணா வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பம் பயிர் வைத்தது. இப்போது வாடகை வாங்குகிறார். மாடியில் பெரிய ஹால், வரிசையாகக் கம்ப்யூட்டர், முழுக்கப் பெண்கள். பம்மலிலிருந்து நடந்து வருபவர்கள் பாதி, பஸ் பிடித்து வருபவர்கள் பாதி. அவர்களுக்கு மேற்பார்வை கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த கலா. அவர்கள் தட்டுகிற பக்கம் எல்லாம் பழைய கட்டடத்தில் இருந்த சர்வரில்தான் சேரும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில், தெருவுக்கு அடியில் புதைத்த குழாய்க்குள், ஒரே ஒரு கேபிள்.

அந்த ஒற்றைக் கேபிள்தான் தாணு சாரின் கழுத்துச் சுருக்கு. தண்ணீர் இணைப்புக்குத் தோண்டுவார்கள், போகும். கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டுவார்கள், போகும். போனால் ஹால் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அன்றைக்கு அனுப்ப வேண்டிய பக்கம் நிற்கும், எம்.டி. கத்துவார். அதனால் தாணு சார் லீவு போடுவதே இல்லை.

அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கும் முந்தின நாள்தான் ரயிலேறினார். முகூர்த்தத்தன்று காலையில் சரியாக ஒரு கடப்பாரை கேபிளில் இறங்கியது. எம்.டி. நல்ல மனுஷர்தான், ஆனால் பதற்றம் வந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் கையால் ஒரு நம்பரைச் சுழற்றிப் பழக்கமும் இல்லாதவர். போர்டு போன பிறகும் அவருக்கு நான்தான் ஆபரேட்டர். "நாகர்கோவில் மண்டபத்துக்கு லைன் போடு" என்றார். போட்டேன். அது என் வேலை. தாணு சார் மண்டபத்து ஆபீஸ் ரூமில் நின்று, எந்தக் கேபிளை எங்கே சேர்ப்பது என்று எம்.டி.க்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் சரியாகப் போகிறதா என்று நானும் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். பேச்சின் நடுவே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெட்டிமேளம் வந்தது. சார் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு, "ஆங், அந்தப் பச்சை வயரை..." என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திரும்பி வந்ததும் எல்லோருக்கும் அவர் ஊர்க் கல்யாணப் பலகாரமான முந்திரிக்கொத்து கொடுத்தார். என் மேஜைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தி, "போன்ல உங்களுக்கும் கேட்டுச்சாம்மா?" என்றார். எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. "கேட்டுச்சு சார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவருக்கு இன்னும் ஒரு மகள் இருந்தாள். அவள் கல்யாணத்திலாவது இந்த மனுஷர் மணமேடையில் நிற்க வேண்டும் என்பது எனக்கும் கலாவுக்கும் ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கல்யாணம் நிச்சயமான வருஷத்தில், தொண்ணூறுகளின் கடைசியில், புது ஸ்விட்ச்கள் வந்தன. ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுவது இல்லை. கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி. வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சை விளக்கு. இந்தப் பெட்டிகளில் ஒரு புது வசதி இருந்தது. இரண்டு துளைகளைச் சேர்த்து, "இது ரெண்டும் ஒண்ணுதான்" என்று பெட்டியை நம்பவைக்கலாம். இரண்டு கேபிளிலும் சரக்கைப் பிரித்து அனுப்பும். அதனால் பாதை அகலமாகும். ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் மற்றதில் அனுப்பும். அதனால் வேலை நிற்காது. சார் இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது கலா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரெட்டைச் சடை மாதிரி கீது" என்றாள். பெயர் நின்றுவிட்டது.

எம்.டி. இரண்டாவது கேபிளையும் அதே குழாயில் இழுக்கலாம், செலவு மிச்சம் என்றார். தாணு சார் மறுத்துப் பேசவே மாட்டார், கேள்விதான் கேட்பார். "சார், கடப்பாரைக்கு ஒண்ணு ரெண்டு தெரியுமா?" என்றார். எம்.டி. சிரித்துவிட்டார். ஆக, இரண்டாவது சடை ஆகாயத்தில்தான் போக வேண்டும். நம் மொட்டை மாடியிலிருந்து ஏகாம்பரம் அண்ணா வீட்டு மொட்டை மாடிக்கு.

அவர் முடியாது என்றுவிட்டார். "இத்தோ பாரும்மா, கேபிள் டிவிக்காரன் இப்டித்தான் ஒரு கம்பிய இஸ்துக்குனு வந்தான். போன மழைக்கு இடி எறங்கி என் டிவி போச்சு, சரோஜா மிக்ஸி போச்சு. இன்னொரு கம்பி என் வூட்டு மேல வர்றத நா பாத்துக்குனு இருக்கணுமா? ஆவாது." சரோஜா அக்கா அவர் மனைவி. மிக்ஸி போன கோபம் அவர் முகத்திலும் இருந்தது.

சார் வாதாடவில்லை. "அண்ணன் சொல்லுகது சரிதான். தாமிரக் கம்பின்னா நானே போட மாட்டேன்" என்றார். மறுநாள் ஒரு துண்டு கண்ணாடி இழைக் கேபிளும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறுமுனையை ஏகாம்பரம் அண்ணாவிடம் கொடுத்தார். முனையில் கடுகு மாதிரி ஒரு வெளிச்சம். "இது கண்ணாடி. உள்ள வெளிச்சந்தான் போகும். கரண்ட் போகாது, இடியும் எறங்காது. கையால பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆகாது."

சரோஜா அக்காவும் வாங்கித் தொட்டுப் பார்த்தார். சரி என்றார்கள். இந்த "ஒண்ணும் ஆகாது" பின்னால் எங்கள் தலையில் விடியும் என்று யார் கண்டது?

கண்ணாடியில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பெட்டிகளுக்கு வெளிச்சம் புரியாது, கம்பிதான் புரியும். அதனால் இரண்டு பக்கமும் மாடிப்படி உச்சியில் ஒரு சின்ன மரப்பெட்டி அடித்து, அதற்குள் வெளிச்சத்தைக் கம்பிக்கு மாற்றித் தருகிற கருவி ஒன்றை வைத்துப் பூட்டினோம். அங்கிருந்து சாதாரணக் கேபிள் கீழே இறங்கி ஸ்விட்சில் சேரும். அது கண்ணாடிச் சடை. தெருவுக்கு அடியில் போனது செம்புச் சடை.

இணைப்பு கொடுத்த அன்று ஒரு கூத்து. இரண்டு துளையும் ஒன்று என்று இரண்டு பெட்டியிடமும் சொன்ன பிறகுதான் இரண்டாவது கேபிளைச் செருக வேண்டும். சொல்லாமல் செருகினால், ஒரு கேபிளில் போன சேதி மற்றதில் திரும்பிவந்து, மறுபடி போய், மறுபடி வந்து, தெருவில் கிளம்பிய புரளி மாதிரி பெருகிக்கொண்டே இருக்கும். நான் எதிர்க் கட்டடத்தில் என் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சார் தன் பெட்டிக்குச் சொல்லிவிட்டு என் பதிலுக்காக இன்டர்காமில் காத்திருந்தார். அந்த நேரம் எம்.டி. சர்வர் ரூமுக்குள் வந்திருக்கிறார். ஒரு கேபிள் முனை தொங்குகிறது. அவருக்கு எதுவும் அலங்கோலமாகத் தொங்கக் கூடாது. செருகிவிட்டார். இரண்டு கட்டடத்திலும் எல்லாப் பச்சை விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி துடித்தன, எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றன. "சும்மாதானே தொங்கிட்டு இருந்துச்சு" என்று எம்.டி. சொன்னது இன்டர்காம் வழியாக எனக்கே கேட்டது. சார் கோபப்படவில்லை. உருவிவிட்டு, எல்லாம் அடங்கியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் சாயங்காலமே பம்மல் பஜாரில் சிவப்பு ரிப்பன் வாங்கிவந்து, கண்ணாடிச் சடையின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். "சிவப்பு கட்டினதைத் தொடக்கூடாது சார்" என்று எம்.டி.யிடம் சொல்லியும் வைத்தேன்.

அவருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. இரண்டு சடை போட்டும் தன் ஃபைல் இரட்டை வேகத்தில் வரவில்லை என்று. பெட்டி ஒரு கம்ப்யூட்டரின் சரக்கை இரண்டாகக் கிழித்து அனுப்பாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிறவியிலேயே ஒரு எண் உண்டு. அது ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, பாதிப் பேரை இந்தச் சடைக்கும் பாதிப் பேரை அந்தச் சடைக்கும் பெட்டி ஒதுக்கிவிடும். ஹாலுக்குத்தான் லாபம், தனி ஆளுக்கு இல்லை. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அவர் குழந்தை மாதிரி கேட்டதற்குத் தாணு சார், "நிம்மதி இருக்கு சார்" என்றார்.

தை மாதம் இளைய மகள் கல்யாணம். சார் முதல் முறையாக ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னிடம் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். அதில் மண்டபத்தின் இரண்டு போன் நம்பர்களும் அச்சாகியிருந்தன.

முகூர்த்தத்தன்று காலை, ஹால் நிறைந்து கொஞ்ச நேரத்தில் கலா இன்டர்காமில் கூப்பிட்டாள். "அக்கா, பேஜாராக் கீது. பாதிப் பேருக்கு ஓடுது, பாதிப் பேருக்கு அப்டியே நின்னு போச்சு." நான் சர்வர் ரூமில் இருந்தேன். என் முன்னால் இரண்டு சடையின் பச்சை விளக்கும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. சர்வர் நன்றாக இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் எம்.டி. வந்துவிட்டார். அன்றைக்கு ஒரு முழுப் பத்திரிகை அனுப்ப வேண்டிய நாள். முகம் வெளுத்திருந்தது. "ஜெசிந்தா, மண்டபத்துக்கு லைன் போடு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முகூர்த்த நேரம் தொடங்கியிருந்தது. நான் கைப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். ரிசீவரைத் தூக்கினேன். தூக்கிய கையோடு போனின் கொக்கியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டேன். எம்.டி. பார்க்கப் பார்க்க, எஸ்.டி.டி. எண்ணிலிருந்து கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்று விடாமல் செத்த போனில் அழுத்தினேன். கொஞ்சம் காத்திருக்கிற மாதிரி நின்றேன்.

"எங்கேஜ்டு சார்."

"அரை மணி கழிச்சுத் திரும்பப் போடு."

"சரி சார்."

ஆபரேட்டராக இருந்த காலமெல்லாம் கிடைத்த லைனைக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ரிசீவரை வைத்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். பழுது எங்கே என்று எனக்குத் தெரியாது. அரை மணியில் சரியாகாவிட்டால், அன்றைய பக்கமும் போய், சாரையும் கூப்பிட்டாக வேண்டும்.

ஹாலில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வைரஸ் என்றாள் ஒருத்தி. இடம் மாறி உட்கார்ந்தால் ஓடுகிறது என்றாள் இன்னொருத்தி. அத்தனை பேரும் எது ஓடவில்லை என்றே சொல்ல, எனக்கு அந்த எரிச்சலூட்டும் கேள்வி ஞாபகம் வந்தது. "கலா, யாருக்கெல்லாம் ஓடுதோ அவங்க மட்டும் கை தூக்கச் சொல்லு."

கைகள் எழுந்தன. ஒரே வரிசையில் ஒருத்தி தூக்கினாள், பக்கத்தில் இருப்பவள் தூக்கவில்லை. ஒரே மாதிரி மிஷின், ஒரே மாதிரி கேபிள், ஒரே பெட்டி. சுமாராக ஹாலில் பாதி. பாதி என்றதும்தான் பொறி தட்டியது. ஒற்றை, இரட்டை. ஒரு சடைக்காரர்களுக்கு ஓடுகிறது, மற்ற சடைக்காரர்களுக்கு ஓடவில்லை. ஒரு சடை சேதியை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் விளக்கு இரண்டும் பச்சை.

விழுங்குகிற லைன். எனக்குத் தெரிந்த பேய்தான், வேறு புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தது. வைத்தியமும் தெரியும்: அந்த லைனை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். எந்தச் சடை என்பதுதான் கேள்வி. தப்பானதை உருவினால் மிச்சப் பாதியும் நின்றுவிடும். செம்புச் சடை இரண்டு பெட்டிக்கும் நேராகப் போகிறது. அது அறுந்தால் பெட்டிக்கே தெரிந்து விளக்கு அணைந்திருக்கும். கண்ணாடிச் சடை அப்படி இல்லை. பெட்டிக்குத் தெரிவது மாடிப்படி உச்சியில் இருக்கிற கருவி வரைக்கும்தான். அதற்கு அப்பால் கண்ணாடி போய்விட்டாலும், கருவியைப் பார்த்துக்கொண்டே பெட்டி பச்சை விளக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஆக, பொய் சொல்வது சிவப்பு ரிப்பன்தான்.

அதை இரண்டு முனையிலும் உருவ வேண்டும். ஒரு முனையில் மட்டும் உருவினால் மற்றப் பெட்டி அந்தச் சடையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். இன்டர்காமை எடுத்தேன். சர்வர் ரூமில் எம்.டி.தான் இருந்தார்.

"சார், சிவப்பு ரிப்பன் கட்டின கேபிளை உருவணும்."

"அதைத் தொடக்கூடாதுன்னியே?"

"இப்ப தொடலாம் சார்."

"பச்சை எரியுதே, ஜெசிந்தா."

"எரியட்டும் சார். முதல்ல நான் உருவறேன். உருவப்போறேன்."

எம்.டி. மெதுவாக, "உருவப்போற" என்றார்.

"உருவிட்டேன் சார்."

"உருவிட்ட. நான் உருவப்போறேன்."

"உருவப்போறீங்க."

"உருவிட்டேன்."

நான் திரும்பி ஹாலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூலையில் விசைப்பலகைச் சத்தம் தொடங்கியது, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஹால் முழுக்க. தூக்கிய கைகளெல்லாம் எப்போதோ இறங்கியிருந்தன. கலா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். அந்த அரை மணி இன்னும் முடிந்திருக்கவில்லை.

பின்பு மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் கண்ணாடிக் கேபிளின் மேல் இரண்டு பெரிய ஜமக்காளம், நனைத்துத் துவைத்து, நீர் சொட்டச் சொட்டத் தொங்கின. பாரம் தாங்காமல் கேபிள் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் மடிந்து கிடந்தது. மடிந்த கண்ணாடியில் வெளிச்சம் எப்படிப் போகும்? சரோஜா அக்கா மூன்றாவது ஜமக்காளத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இது கொடி இல்லக்கா."

"உங்க சார்தானம்மா சொன்னாரு, கரண்ட் வராது, கையால புட்ச்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னு. கரண்டு வராத கம்பி சும்மாத்தானே கீதுன்னு போட்டேன்."

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? சார் சொன்னதை இந்த ஊரிலேயே முழுசாக நம்பியவர் அவர்தான். நானும் கலாவும் ஆளுக்கொரு முனை பிடித்து ஜமக்காளத்தை அவர் வீட்டுக் கொடிக்கு மாற்றிப் போட்டோம். மடிந்த இடத்தில் இழை உடைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், சார் வரும்வரை கண்ணாடிச் சடையைச் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மிச்ச நாளெல்லாம் ஒற்றைச் சடையிலேயே ஓடியது. ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சார் லீவு முடிந்து வந்தார். கையில் முந்திரிக்கொத்து டப்பா, முகத்தில் நாலு நாள் தூக்கக் கலக்கம். நேராக சர்வர் ரூமுக்குப் போனார். ஆணியில் தொங்கிய கேபிளைப் பார்த்தார். அதன் ரிப்பனில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி அழகாக ஒரு பூ முடிச்சு இருந்தது. என் முடிச்சு அப்படி இருக்காது.

"இது யாரு கட்டினது?"

"நான்தான்" என்றார் பின்னாலேயே வந்த எம்.டி. அவருக்குச் சொல்லித் தீரவில்லை. பாதி ஹால் நின்றது, பச்சை விளக்கு பொய் சொன்னது, தான் உருவியது, சரோஜா அக்காவின் ஜமக்காளம், எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "உங்களுக்கு அப்பவே போன் போடச் சொன்னேன் தாணு. லைன் கிடைக்கலை, எங்கேஜ்டு" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். "மண்டபத்துல ரெண்டு லைன் உண்டே?"

"ரெண்டுமே பிஸி சார்" என்றேன்.

"ஓ" என்றார்.

எம்.டி. முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சார் வாட்சைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், கைக்குட்டையில் முடிந்தார். முடிச்சைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஜெசிந்தாம்மா, இந்தத் தடவ உங்களுக்குக் கெட்டிமேளம் கேட்டுச்சா?"

"இல்ல சார். கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "பிள்ள பக்கத்துல நின்னு கேட்டேன்."